முதல் செயலியின் வரவு செலவு

கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஒப்படைக்கும் திட்டப்பணிகளில் கைப்பேசிச் செயலிகளுக்கு இன்று தனி இடம் உண்டு. மதிப்பெண் கிடைத்த மறுநாளே அவற்றில் பல மறக்கப்பட்டு விடுகின்றன. மறுபுறம், 'சில வாரங்களில் செயலி உருவாக்கி லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்' என்று ஆசை காட்டும் பயிற்சி விளம்பரங்களும் பெருகி வருகின்றன. இவ்விரண்டுக்கும் அடிப்படையான பிழை ஒன்றே. செயலி என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் பொருள் என்று இரு தரப்பும் எண்ணிக்கொள்கின்றன.

உண்மையில் செயலி ஒரு கடையைப் போன்றது. கடையைக் கட்டுவதற்கு ஒரு செலவு. அதை நாள்தோறும் திறந்து வைத்திருப்பதற்கு மற்றொரு செலவு. முதல் செயலியை எழுதத் துணியும் இளைஞரோ, இல்லத்தரசியோ, பணி ஓய்வு பெற்றவரோ இந்த இரண்டாவது செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் செயலி அங்காடி 2008 ஜூலை 10-ஆம் தேதி ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான அங்காடி வந்தது. 2012-இல் அதற்கு 'கூகுள் பிளே' என்று பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன்பு ஒரு மென்பொருளை மக்களிடம் சேர்க்க வேண்டுமானால் குறுந்தகடு, அட்டைப்பெட்டி, விநியோகஸ்தர், சில்லறை வணிகர் என நீண்ட சங்கிலி தேவைப்பட்டது. அங்காடிகள் அந்தச் சங்கிலியை ஏறத்தாழ அறுத்தெறிந்தன.

பொருளியல் மொழியில் கூறுவதானால், ஒரு செயலியின் முதற்படியை உருவாக்க ஆகும் செலவு அதிகம். கூடுதலாக ஒவ்வொருவருக்கும் அதை வழங்க ஆகும் இறுதிநிலைச் செலவோ சுழியத்துக்கு மிக அருகில் உள்ளது. இது பேரியல்பான வாய்ப்பாகத் தோன்றும். ஆனால், இந்த வாய்ப்பு எல்லாருக்கும் திறந்திருப்பதால் எல்லாருமே உள்ளே நுழைகிறார்கள். தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் அரும்பொருளாகிவிடும் என்று 1971-லேயே சுட்டிக்காட்டியவர், பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன். செயலி அங்காடி அதற்கு ஒரு கண்கூடான சான்று.

வியத்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டாங் நுயென் என்ற தனிமனிதர் உருவாக்கிய 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டைப் பலரும் எடுத்துக்காட்டுவர். 2013 மே மாதம் வெளியான அந்த விளையாட்டு பல மாதங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2014 ஜனவரியில் உலக அளவில் பதிவிறக்கத்தில் முதலிடம் பிடித்தது. அடுத்த மாதமே அதை அவர் அங்காடியிலிருந்து விலக்கிக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் விளம்பர வருவாய் நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை வந்ததாக அவரே கூறினார். இது பரிசுச்சீட்டு விழுந்ததற்கு ஒப்பானது. பரிசுச்சீட்டை நம்பி யாரும் குடும்ப வரவு செலவுத் திட்டம் போடுவதில்லை.

எனவே, முதல் செயலி வருவாயை நோக்கியதாக இருத்தல் கூடாது. தமக்கு நன்கு தெரிந்த ஒரு சிக்கலை, தமக்குத் தெரிந்த சில மனிதர்களுக்காகத் தீர்ப்பதாக இருப்பதே நல்லது. ஓர் எடுத்துக்காட்டுடன் இதைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கப்பட்டன. ஒரு குழுவில் 12 முதல் 20 உறுப்பினர்கள் வரை இருப்பர். அவர்களது சந்தா, உள்கடன், வட்டி, தவணை, பாக்கி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவருவது குழுவின் உயிர்நாடி. அரசுத் திட்டங்களுக்கான கணக்குகள் வேறு. குழு தனக்காக எழுதிக்கொள்ளும் பதிவேட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுவருவது மட்டுமே நமது செயலியின் பணி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை கணினியைத் திறப்பதன்று. இரண்டு மூன்று கூட்டங்களில் ஓரமாக அமர்ந்து, பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்பது. பணம் வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்றிருக்கலாம். வராதவரின் சந்தாவைத் தோழி கட்டலாம். இந்த வழக்கங்களை அறியாமல் எழுதப்படும் செயலி, எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது வாரமே கைவிடப்படும்.

அடுத்து, வெள்ளைத் தாளில் திரைகளை வரைய வேண்டும். உறுப்பினர் பட்டியல், இன்றைய வசூல், கடன் கணக்கு, மாத அறிக்கை என நான்கு திரைகள் போதும். ஐந்தாவது திரை தேவை என்று தோன்றினால், அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது நலம். முதல் செயலிகள் பல முடிவடையாமல் போவதற்குக் காரணம், எழுதுபவரின் அறியாமையைவிட அவரது ஆசையே.

கருவிகளைப் பொருத்தவரை ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு பெரிதும் குறைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவதற்கான 'ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ' இலவசம். அதில் பயன்படும் 'காட்லின்' நிரல்மொழிக்கு 2019 முதல் கூகுள் முன்னுரிமை அளித்து வருகிறது. ஒரே நிரலைக் கொண்டு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி உருவாக்க 'ஃபிளட்டர்', 'ரியாக்ட் நேட்டிவ்' போன்றவை உள்ளன. நிரல் எழுதிப் பழக்கமே இல்லாதவர்கள், கட்டங்களை இழுத்து அடுக்கியே செயலி செய்துபார்க்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் 'ஆப் இன்வென்டர்' உதவும். ஐபோனுக்குச் செயலி உருவாக்க ஆப்பிளின் கணினி தேவை. அங்காடியில் இடம்பெற ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு. கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர் செலுத்தினால் போதும். தொடக்கநிலையினர் ஆண்ட்ராய்டில் தொடங்குவதற்கு இந்த வேறுபாடே போதிய காரணம்.

நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது பரவலாகியுள்ளன. அவற்றை ஆசிரியராகக் கொள்ளலாம். கூலியாளாகக் கொள்வது ஆபத்து. கருவி எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதியவரால் சொல்ல முடிய வேண்டும். இல்லையேல் முதல் பழுது வரும் நாளில், தமது செயலியே தமக்கு அந்நியமாகி நிற்கும்.

கணக்குச் செயலியில் சில நுட்பங்களைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட வேண்டும். பணத்தைத் தசமப் பின்னமாகச் சேமித்தல் கூடாது. பைசாவாக, முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கைத் தசம முறையில் முழுமையாக எழுத முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கைக் கணினியின் இரும எண்முறையில் முழுமையாக எழுத இயலாது. அந்த நுண்ணிய பிழை கூடிக்கூடி, ஆண்டிறுதியில் பெட்டியிலுள்ள பணத்துக்கும் திரையிலுள்ள தொகைக்கும் இடையே ஒரு ரூபாய் வேறுபாடாக வந்து நிற்கலாம். குழுவில் சந்தேகம் முளைக்க அந்த ஒரு ரூபாய் போதும்.

அதேபோல், பதிவை அழிக்கும் வசதி இருத்தல் கூடாது. கணக்குப்பதிவியலின் நெடுநாளைய நெறி, தவறான பதிவை எதிர்ப்பதிவால் சரிசெய்வதே. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது தெரிந்தால்தான் கணக்குக்கு மதிப்பு.

தரவை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. இணையத்தில் வழங்கிக் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் மாதந்தோறும் செலவு. அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும். கைப்பேசிக்குள்ளேயே 'எஸ்கியூலைட்' என்னும் தரவுத்தளத்தில் சேமித்தால் இரண்டும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த மென்பொருள் பொதுவுடைமையாக விடப்பட்டுள்ளது, கட்டணம் கிடையாது. இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊர்களிலும் வேலை செய்யும். கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற அச்சத்துக்கு, வாரம் ஒருமுறை கணக்கை ஒரு கோப்பாக எடுத்துக் குழுவின் மற்றொரு நிர்வாகிக்கு அனுப்பிவைக்கும் வசதி போதுமானது.

மொழியிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் பொத்தான், தமிழில் இரண்டு வரியாக நீளும். கண் பார்வை மங்கியவர்கள் கைப்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பர். அந்த அளவிலும் திரை சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலைச்சொல் அகராதியைப் புரட்டுவதைவிட, 'சந்தா', 'தவணை', 'பாக்கி' என்று அவர்கள் வாயில் வழங்கும் சொற்களையே பொத்தான்களில் இடுவது சிறப்பு.

இனி, வெளியீடு. இங்குதான் தொடக்கநிலையினர் பலரும் திகைத்து நிற்கின்றனர். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடும் முன் மூடிய சோதனை ஒன்றை நடத்த வேண்டும். தொடக்கத்தில் இதற்கு 20 பேர் தேவைப்பட்டனர். 2024 டிசம்பரில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. அவர்கள் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையில் இணைந்திருக்க வேண்டும்.

இந்த விதியைத் தொல்லையாகக் கருதி, காசு கொடுத்துச் சோதனையாளர்களைத் திரட்டித் தரும் இடைத்தரகர்களை நாடுவோர் உள்ளனர். நமது எடுத்துக்காட்டில் அதற்குத் தேவையே இல்லை. குழுவின் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையும் 12-தான். எல்லாரிடமும் திறன்பேசி இல்லையெனில் பக்கத்துக் குழுவையும் சேர்த்துக்கொள்ளலாம். தாம் அறிந்த 12 பேரைக்கூடப் பயன்படுத்த இசையவைக்க முடியாத செயலி, தாம் அறியாத ஆயிரம் பேரை எப்படிச் சென்றடையும்? விதி கேட்கும் கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியீட்டுக்கு முன் இரண்டு சிறு எச்சரிக்கைகள். செயலிக்கு இடும் உள்பெயரை வெளியிட்ட பின் மாற்ற இயலாது. செயலியைக் கையொப்பமிடும் திறவுகோல் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும்; அது தொலைந்தால் புதுப்பித்தல் பெருந்தொல்லையாகும்.

அங்காடி கேட்கும் படிவங்களில் முதன்மையானவை தனியுரிமைக் கொள்கை, தரவுப் பாதுகாப்பு உறுதிமொழி, நிதிச் செயல்பாடுகள் பற்றிய உறுதிமொழி ஆகியன. நமது செயலியில் 'கடன்' என்ற சொல் வருவதால், இது கடன் வழங்கும் செயலி அன்று, கணக்கு எழுதும் செயலி மட்டுமே என்பதைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் இந்தியப் பயனாளர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்று கண்டறிந்தது. கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்து, உற்றார் உறவினரை அழைத்து அவமானப்படுத்தியே அவற்றில் பல கடனை வசூலித்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஓர் அனுமதிப் பொத்தானுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய நம்பிக்கை இருக்கிறது என்பதை அந்த அனுபவம் நாட்டுக்கு உணர்த்தியது.

நமது செயலிக்குத் தொடர்பு எண்கள் வேண்டாம், இருப்பிடம் வேண்டாம், ஒளிப்படங்களும் வேண்டாம். வேண்டாததைக் கேட்காமலிருப்பதே முதல் அறம். 2023-இல் இயற்றப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கடுமையான மீறல்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. தரவைத் திரட்டாதவருக்கு அதைக் காக்கும் சுமையும் இல்லை.

செயலி வெளியாகிவிட்டது என்று கொள்வோம். கடை திறந்தாயிற்று. இனிதான் இரண்டாவது செலவு தொடங்குகிறது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வருகிறது. அதற்கேற்பச் செயலியையும் புதுப்பிக்குமாறு அங்காடி ஆண்டுதோறும் கெடு விதிக்கிறது. கெடுவைத் தவறவிட்டால் புதுப்பிப்புகளை வெளியிட இயலாது. நாளடைவில் புதிய கைப்பேசிகளில் அந்தச் செயலி கண்ணிலேயே படாது. நாள்தோறும் பயன்படுத்துவோரில் 1.09 விழுக்காட்டினருக்கு மேல் செயலி முறிந்து நின்றால், அங்காடியில் அது வெளித்தெரிவதும் குறையக்கூடும்.

புதுப்பிப்பை ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பாமல், நூற்றுக்குப் பத்துப் பேருக்கு முதலில் அனுப்பி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துப் பின்னர் மற்றவர்களுக்கு அனுப்பும் வசதி உண்டு. இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பயனாளர் எழுதும் குறைகளுக்கு ஓரிரு நாளில் பதில் தருவதும் அவ்வாறே.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். செயலியை உருவாக்க 150 மணி நேரம் ஆனதாகக் கொள்வோம். வெளியிட்ட பின் வாரத்துக்கு 4 மணி நேரம் பராமரிப்புக்குச் செலவாகுமானால், ஓராண்டில் அது 208 மணி நேரம். முதலாண்டு முடிவதற்குள்ளாகவே பராமரிப்பு, உருவாக்கத்தை விஞ்சிவிடுகிறது. பதிவுக் கட்டணமான 25 டாலரைக் கணக்கிடுபவர்கள், இந்த நேரத்தின் வாய்ப்புச் செலவைக் கணக்கிட மறந்துவிடுகிறார்கள்.

விளம்பரத்தால் ஈடுசெய்யலாமே என்று கேட்கலாம். சில நூறு பேர் பயன்படுத்தும் செயலியில் விளம்பர வருவாய் தேநீர்ச் செலவுக்கும் காணாது. மேலும், விளம்பரக் கூறுகள் பயனாளரைப் பற்றிய தகவல்களைத் திரட்டுபவை. எதையும் திரட்டோம் என்ற உறுதிமொழியை அவை குலைத்துவிடும். கட்டணம் வசூலிப்பதானால், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரையிலான வருவாயில் கூகுள் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குட்பட்ட சிறு வணிகர்களிடம் ஆப்பிளும் அதே விழுக்காட்டைப் பெறுகிறது.

அங்காடி என்பது பொதுச் சந்தை அன்று, தனியார் வளாகம். அதன் விதிகளை வளாக உரிமையாளரே வகுக்கிறார். பிளே அங்காடியின் கட்டணக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இடையில் 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறை முன்னிட்டு இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் அங்காடியிலிருந்து நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருமணத் தகவல் நிறுவனத்தின் செயலிகளும் அவற்றில் அடக்கம். மத்திய அரசு தலையிட்ட பின் சில நாள்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. பெருநிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், தனிநபர் என்ன செய்ய முடியும்? பயனாளரின் தரவை எந்நேரமும் பொதுவான ஒரு கோப்பு வடிவில் வெளியே எடுக்க வழிவைக்க முடியும். செயலி மறைந்தாலும் கணக்கு மறையாது.

இவ்வளவு இடர்ப்பாடு இருக்கையில் எதற்காக ஒருவர் செயலி எழுத வேண்டும்? ஒரு தேவையை உற்றுநோக்கவும், அதை ஒழுங்குபடுத்தவும், பிறர் நம்பிக்கையைப் பெற்றுக் காக்கவும் கற்றுத்தரும் மலிவான பயிற்சி இது. வேலை தேடும் இளைஞருக்கு, இரண்டாண்டுகளாக 40 பேர் தொடர்ந்து பயன்படுத்தும் ஒரு சிறு செயலி, பத்துச் சான்றிதழ்களைவிட வலுவான சான்று.

இதில் கல்வி நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் புதிய செயலிகளை எழுதச்சொல்லி மதிப்பெண் தருவதோடு, முந்தைய அணியினர் எழுதிய செயலியை அடுத்த அணியினர் ஏற்றுப் பராமரிப்பதற்கும் மதிப்பெண் தர வேண்டும். செயலிப் போட்டிகளை நடத்தும் அரசுத் துறைகளும் பரிசுத்தொகையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஓராண்டுக்குப் பிறகும் செயலி இயங்கினால் மட்டுமே வழங்கலாம். ஏரி வெட்டியவரைப் போற்றும் அளவுக்கு ஆண்டுதோறும் தூர் வாரியவரையும் போற்றியதால்தான் நம் ஊர்களில் ஏரிகள் நிலைத்தன.

பன்னிரண்டு பெண்களின் சேமிப்புக் கணக்கு நமது கையில் ஒப்படைக்கப்படுகிறது என்னும் உணர்வோடு தொடங்கப்படும் செயலி, எவ்வளவு சிறியதாயினும், ஒரு பொதுப்பணியே. அந்தப் பொறுப்பை ஓராண்டுக்கேனும் சுமக்க இயலுமா என்று தம்மைத்தாமே கேட்டு, இயலும் என்று விடை கிடைத்த பின் கணினியைத் திறக்கலாம்.